ஓர் உறையில் இரண்டு கத்தி

1867 ஜூலையில் ‘லேண்ட் அண்ட் வாட்டர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில், என். எல். ஆஸ்டன் என்பவர் உயிரோடு வைத்து வளர்த்த மரப்பல்லிகளைப் பற்றிய குறிப்பு ஒன்று வந்தது. அவை அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த அனோல் இனம். நம் வேலியோர ஓணானைச் சுருக்கி மெருகேற்றினால் எப்படியோ, அப்படி இருக்கும். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வளர்ந்த ஆண்கள் இரண்டு எதிர்ப்பட்டால் சண்டை இல்லாமல் விலகுவது அபூர்வம் என்கிறது அந்தக் குறிப்பு. முதலில் மூன்று நான்கு முறை தலையாட்டல். கூடவே தொண்டைப் பை விரியும், கண்ணில் வெறி மின்னும், வால் இடமும் வலமும் அசையும். சில நொடிகள் இப்படிப் போக்குக் காட்டிவிட்டு இரண்டும் பாய்ந்து, பல்லால் கவ்விக்கொண்டு புரளும். பெரும்பாலும் ஒன்றின் வால் அறுந்த பிறகே சண்டை ஓயும். அறுந்த வாலை வென்றது தின்றுவிடுவதும் உண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1871இல் வெளியான ‘மனிதனின் வழித்தோன்றல்’ நூலில் டார்வின் இதை எடுத்தாண்டார். ஆண் விலங்கின் அழகும் ஆயுதமும் இணை தேடும் போட்டியில் விளைந்தவை என்ற தன் வாதத்துக்குப் பல்லிகளிடமிருந்தும் அவருக்குச் சான்று தேவைப்பட்டது. அதே பகுதியில் நம் பக்கத்து உயிர் ஒன்றும் வருகிறது. மணற்பாங்கான வெளிகளில் கல்மேல் ஏறி நின்று தொண்டையை விசிறிபோல் விரித்து மடக்கும் ‘சிட்டானா’தான் அது. நீலமும் கறுப்பும் சிவப்புமாக அந்த விசிறி மின்னுவது இணைசேரும் பருவத்தில் மட்டுமே என்று டார்வின் எழுதுகிறார். அந்த இனத்தில் ஒன்றுக்கு 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே வைத்த பெயர் சிட்டானா பாண்டிசெரியானா. புதுச்சேரியை வைத்து எழுந்த பெயர் அது.

ஆஸ்டன் கண்ட சண்டையைப் பற்றி டார்வின் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தோற்கிற பல்லிக்குக் கூண்டில் ஓட இடம் ஏது? காட்டில் அது அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். அங்கே சண்டை பெரும்பாலும் தலையாட்டலோடு முடிந்துபோகும். வால் போகிற அளவுக்கு முற்றியது பல்லியின் குணத்தாலா, கூண்டின் குணத்தாலா? பல்லிகளைச் சேர்த்து வளர்க்கும் வழக்கத்தின் ஒன்றரை நூற்றாண்டுக் கதை முழுக்க இந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வருகிறது.

பல்லி வளர்க்கும் பெட்டி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் 1829 வாக்கில், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் செடி தானாக வளர்வதைக் கவனித்தார். அவர் பெயரால் வந்த கண்ணாடிப் பெட்டிகள் விக்டோரியா காலத்து வரவேற்பறைகளை நிறைத்தன. செடிக்குச் செய்த பெட்டியில் தவளையும் பல்லியும் குடியேற வெகுகாலம் ஆகவில்லை. லண்டன் விலங்குக்காட்சி சாலை 1849இல் ஊர்வனவற்றுக்கென்றே பொதுமக்கள் பார்க்கும் கட்டடம் ஒன்றைத் திறந்தது. உலகில் அதுதான் முதல். ஜெர்மானியர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். யோஹான் ஃபோன் ஃபிஷர் 1884இல் பிராங்க்பர்ட்டில் வெளியிட்ட ‘டாஸ் டெராரியும்’ என்ற பெரிய கையேடு, பெட்டியை எப்படிச் சூடாக்குவது, எதற்கு என்ன தீனி என்றெல்லாம் விளக்கியது. இன்று உலகெங்கும் வழங்கும் ‘டெரேரியம்’ அந்த மரபில் வந்தது.

அமெரிக்காவில் கதை அத்தனை நாகரிகமாகத் தொடங்கவில்லை.

அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில், லூசியானா, புளோரிடா பக்கம், தோட்டவேலிகளில் ஏராளமாக வாழ்கிறது பச்சை அனோல். வாலோடு சேர்த்தும் 20 செ.மீ.க்கு மேல் போகாது. பச்சையிலிருந்து பழுப்புக்கு நிறம் மாறும் என்பதால் வியாபாரிகள் அதைப் பச்சோந்தி என்று சொல்லி விற்றார்கள். உண்மையான பச்சோந்திக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. 1890களில் நியூயார்க் போன்ற நகரங்களில் இது ஒரு மோகமாகவே பரவியது. கழுத்தில் மெல்லிய சங்கிலி கட்டி, மறுமுனையை ஊசியால் சட்டையில் குத்தி, தோளில் உயிருள்ள நகையாக அனோலை ஊரவிட்டபடி பெண்கள் விழாக்களுக்குப் போனார்கள். விலங்கு நலம் பேசுவோர் கண்டித்தார்கள். மோகம் தணிந்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. சர்க்கஸ் கொட்டகை வாசலிலும் பொருட்காட்சிகளிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது.

வாங்கியவர்களுக்கு விற்றவர் சொல்லிக்கொடுத்த பராமரிப்பு, சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் போதும் என்பது. அனோல் பூச்சி தின்னும் பிராணி. கிண்ணத்தில் தேங்கிய நீரை அது பெரும்பாலும் தண்ணீராகவே கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். ஆகவே தாகத்தாலும் பசியாலும் சில வாரங்களில் செத்தன. செத்ததும் இன்னொன்று வாங்கினார்கள், விலை அவ்வளவு மலிவு. இரண்டை ஒரே பெட்டியில் போட்டவர்கள் ஒன்று மட்டும் பச்சையாக மேலே இருப்பதையும் மற்றது பழுப்பாகி அடியில் ஒடுங்கிக் கிடப்பதையும் கண்டிருப்பார்கள். நோய் என்று நினைத்திருப்பார்கள்.

அது நோயல்ல என்பதைக் கண்டுகொண்டது நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஊர்வனத் துறையைக் கவனித்துவந்த ஜி. கிங்ஸ்லி நோபிள், செத்த பல்லிகளைப் புட்டியில் அடுக்குவதோடு நிறைவடைகிற ஆள் அல்ல. உயிருள்ளவற்றை வைத்துச் சோதனை செய்ய அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு துறையை உருவாக்கியவர். 1933இல் எச். டி. பிராட்லியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, பல்லிகள் இணைசேர்வதை இனம் இனமாக ஒப்பிட்டது. பெண் மயங்குவதற்காகவே ஆண் அழகு காட்டுகிறது என்பதை அவர்கள் ஏற்கவில்லை. விசிறியும் வண்ணமும் முதலில் எதிரியை மிரட்டத்தான் என்று வாதிட்டார்கள். கூண்டில் பணிந்துபோன ஆண்மீது இன்னோர் ஆண் ஏறுவதையும் பதிவு செய்தார்கள். எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்பதை அது நடந்துகொள்ளும் விதத்திலிருந்தே அனோல் முடிவு செய்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். எதிர்த்தால் ஆண், அடங்கினால் பெண்!

டார்வினைத் திருத்துவது பெரிய காரியந்தான். ஆனால் அந்தத் திருத்தமும் கூண்டுக்குள் கண்டதை வைத்து எழுந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதே பத்தாண்டில் எல். டி. எவன்ஸ் என்ற ஆய்வாளர், பெண் அனோல்களும் இடம் பிடித்துக் காக்கின்றன என்று காட்டினார். ஆணின் சண்டையே கண்ணை நிறைத்திருந்த காலத்தில் பெண்ணைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும். நோபிள் 1940இல் இறந்துபோனார். பெர்னார்ட் கிரீன்பெர்க்கோடு அவர் செய்துவந்த ஆராய்ச்சி 1944இல்தான் அச்சேறியது. அனோலின் சமூக வாழ்வைப் பற்றி அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்த கட்டுரை அது.

அந்த ஆய்வுகளிலிருந்து தேறிய விஷயத்தை இப்படிச் சொல்லலாம். இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வோர் ஆணும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. தன் எல்லைக்குள் ஒவ்வொன்றும் ராஜா. இடம் குறுகினால் எல்லைகள் மறைகின்றன, படிநிலை முளைக்கிறது. ஒரே ஒரு கொடுங்கோலன், கீழே அடங்கிய கூட்டம். எல்லைக்காரனும் கொடுங்கோலனும் வேறு வேறு வகைப் பல்லிகள் அல்ல, பெட்டியின் அளவு மாறினால் அதே பல்லி இன்னொரு வேஷம் கட்டுகிறது. பெண்களிடத்தும் மூர்க்கம் குறைந்த அளவில் இப்படி ஒரு மேல்-கீழ் உண்டு.

சண்டையைக் கிட்டே நின்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். இரண்டும் முதலில் பக்கவாட்டில் திரும்பும், உடம்பைத் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டும். பிடரியிலும் முதுகிலும் ஒரு தோல் மடிப்பு நிமிர்ந்து முகடுபோல் நிற்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மை தொட்டு வைத்ததுபோல் சில நிமிடங்களில் தோன்றும். இளஞ்சிவப்பு விசிறி விரியும், மடங்கும். முன்கால்களை ஊன்றி உடம்பு தண்டால் எடுக்கும். அப்படியும் ஒருவர் விலகாவிட்டால்தான் வாய் திறக்கும்; தாடையோடு தாடை பூட்டிக்கொண்டு கிளையிலிருந்து இரண்டும் தொப்பென்று விழும். தோற்றது பழுப்பாகி இறங்கிப்போகும். அதன் ஆண் ஹார்மோன் அளவும் சரியும். தாழ்ந்த கிளையில் ஒடுங்கி, மேலே இருப்பவன் கண்ணில் படாமல் தின்னப் பழகிக்கொள்ளும்.

இந்தத் தண்டால் அசைவுகள் இனத்துக்கு இனம் வேறு தாளத்தில் அமைந்தவை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கார்ப்பென்டர் 1960களில் அவற்றைப் படமெடுத்து, எத்தனை நொடியில் எவ்வளவு உயரம் என்று வரைபடமாகப் போட்டுக் காட்டினார்.

அடுத்த திருப்பம் புறாவிலிருந்து வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெர்மன் என்பவர் வளர்ப்புப் புறாக்களில் ஓர் அற்புதத்தைக் காட்டியிருந்தார். ஆண் கொஞ்சிக் குனுகுவதைப் பார்ப்பதாலேயே பெண்ணின் உடலில் ஹார்மோன்கள் விழித்துக்கொள்கின்றன. 1972இல் லெர்மன் காலமானார். அவர் கூடத்தில் பயின்ற டேவிட் க்ரூஸ் அந்தக் கேள்வியை அனோலிடம் கொண்டுபோனார்.

லூசியானாவில் அனோல் குளிர்காலத்தை மரப்பட்டைக்குள்ளும் கற்களுக்கடியிலும் கழிக்கும். வசந்தம் நெருங்கும்போது ஆண்கள் முதலில் வெளிவந்து எல்லை பிடிக்கும். பெண்கள் சில வாரம் பிந்தி வரும். கோடை நெடுக இனப்பெருக்கம், கோடைக் கடைசியில் எல்லாம் அடங்கிப்போகும். க்ரூஸ் குழுவினர் குளிரில் ஒடுங்கியிருந்த பெண்களைப் பிடித்துவந்து, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக வசந்தத்தை உண்டாக்கினார்கள். வெளிச்சம் எல்லாப் பெட்டிக்கும் ஒன்று, வெப்பமும் ஒன்று. கூட்டாளிகள்தான் வேறு. சில பெண்கள் தனியாக இருந்தன. சிலவற்றோடு கொஞ்சும் ஆண்கள், சிலவற்றோடு விதை நீக்கப்பட்ட, கொஞ்சாத ஆண்கள். இன்னும் சிலவற்றோடு ஒன்றையொன்று ஓயாமல் தாக்கிக்கொள்ளும் ஆண்கள்.

கொஞ்சும் ஆணோடு இருந்த பெண்களின் சூலகம் வேகமாக வளர்ந்தது. வெதுவெதுப்பும் வெளிச்சமும் மட்டும் செய்யும் வேலையை ஆணின் தலையாட்டல் முடுக்கிவிட்டது. ஆண்கள் சண்டையிட்ட பெட்டியிலோ வளர்ச்சி தடைப்பட்டது. இந்த முடிவுகள் 1974இலும் 1975இலும் வெளியாயின. ஆண் தன் விசிறியை விரிக்க முடியாதபடி செய்தால் பெண்ணின் உடல் தூண்டப்படுவதில்லை என்பதும் தெரிந்தது. ஆக, எதிரியை மிரட்டத்தான் விசிறி என்று நோபிள் சொன்னது பாதி உண்மைதான். அதே விசிறி எதிரில் நிற்கும் பெண்ணின் சூலகம் வரைக்கும் செய்தி அனுப்புகிறது. டார்வின் நினைத்த வழியில் அல்ல என்றாலும், அவர் முழுக்கத் தோற்கவும் இல்லை.

இந்த முடிவு பல்லி வளர்ப்பவர் வீட்டில் நேரடியாகப் பயன்பட்டது. ஒரு பெட்டியில் இரண்டு ஆண் இருந்தால் காயம் மட்டும் கேடல்ல, முட்டையும் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. அனோலின் முட்டைக் கணக்கும் பலருக்கு வியப்பாக இருந்தது. இரண்டு சூலகமும் முறை வைத்து வேலை செய்யும், ஒரு தடவைக்கு ஒரே முட்டை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. இணைசேர்ந்த பெண் அந்தச் சுற்று முடியும்வரை வேறு ஆணை அண்டவிடாது. ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்தும் வைத்துக்கொள்ளும். ஆணைப் பார்த்தே பல மாதமான ஒற்றைப் பெண் திடீரென்று பொரிக்கக்கூடிய முட்டை இடும் மர்மத்துக்கு இதுதான் பதில்.

ஆணே இல்லாத பெட்டியைப் பற்றியும் க்ரூஸுக்குச் சொல்ல இருந்தது. அமெரிக்கத் தென்மேற்குப் பாலைகளில் வாழும் சாட்டைவால் பல்லிகளில் சில இனங்கள் முழுக்கப் பெண்கள். ஆணின் விந்து சேராமலே குஞ்சு பொரிக்கும், பொரிப்பவை தாயின் நகல்கள். இப்படிப்பட்ட பல்லிகள் உண்டு என்பதை 1950களின் கடைசியில் ஆர்மீனியப் பாறைப் பல்லிகளை ஆராய்ந்து முதலில் நிறுவியவர் ரஷ்ய அறிஞர் இல்யா தாரெவ்ஸ்கி. 1980இல் க்ரூஸும் கெவின் ஃபிட்ஸ்ஜெரால்டும் எழுதியது அதைவிட விசித்திரம். கூண்டில் சேர்த்து வைத்த பெண் சாட்டைவால்களில் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி, கடித்து, வளைந்து, ஆண்போலவே நடந்துகொள்கிறது. சில வாரங்களில் வேஷம் மாறுகிறது. முட்டை முதிரும் பெண் கீழே, முட்டை இட்டு முடித்தது மேலே. இப்படித் துணையோடு இருந்தவை தனித்திருந்தவற்றைவிட அதிகம் முட்டையிட்டன என்றும் பின்னர் காட்டினார்கள்.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஒர்லாண்டோ குவெய்யார் போன்றவர்கள், நெருக்கடியில் அடைத்ததால் வந்த கோளாறு இது, இயற்கை அல்ல என்றார்கள். பழைய கேள்விதான், புதிய பெட்டியில். ஹார்மோன் கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் ஒன்றை வெறும் கூண்டுக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது என்பது சரியாகவே படுகிறது.

வீடுகளில் வளரும் பல்லிகளில் இன்று முன்வரிசையில் நிற்பது சிறுத்தைப் பல்லி. கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் 1854இல் பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த மாதிரியை வைத்து இதற்குப் பெயரிட்டார். 1970களில் பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. வீட்டிலேயே எளிதாகப் பெருகியது. ஒரு ஆணுக்கு நான்கைந்து பெண் என்ற கணக்கில் தட்டுத் தட்டாக அடுக்கி வளர்க்கும் முறை வந்தது. இந்தப் பல்லியின் பாலினம் மரபணுவால் அமைவதில்லை, முட்டை அடைகாக்கும் சூட்டால் அமைகிறது. 26 பாகையில் ஏறக்குறைய எல்லாம் பெண், 32.5இல் பெரும்பாலும் ஆண், 34ஐ நெருங்கினால் மறுபடியும் பெண். வில்லியம் கட்ஸ்கேயும் க்ரூஸும் 1988இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது அந்தக் கடைசி வகையைப் பற்றி. அதிகச் சூட்டில் பிறந்த பெண்கள் முரட்டுத்தனம் மிகுந்தவை, இனப்பெருக்கத்தில் பின்தங்கியவை. “இந்த ஒரு பெண் மட்டும் ஏன் எல்லாரையும் கடிக்கிறது?” என்ற வளர்ப்பவரின் புலம்பலுக்கு விடை சில சமயம் பொரிபெட்டியின் வெப்பமானியிலேயே இருந்தது.

இன்னொரு சம்பவம் வளர்ப்பவர்களைத் திகைக்க வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்த ஜோடி. ஒருநாள் ஆண் பெண்ணைக் கடித்துக் குதறுகிறது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் வாலை நடுக்கிக் கொஞ்சப் போகிறது. ராபர்ட் மேசனும் கட்ஸ்கேயும் 1990இல் காரணத்தைக் கண்டார்கள். சிறுத்தைப் பல்லி ஆண், எதிரே இருப்பது பெண் என்று அறிவது தோலில் உள்ள வேதிப்பொருளை நாக்கால் தொட்டு. பெண் சட்டை உரிக்கும் வேளையில் அந்த முகவரி அழிந்துபோகிறது. ஆணுக்கு அது அந்நியன். உரித்து முடிந்ததும் பழைய மனைவி திரும்பி வந்துவிடுகிறாள்.

தாடி ஓணான் என்று அழைக்கத் தக்க ‘பியர்டட் டிராகன்’ கதையில் அரசியலும் உண்டு. ஆஸ்திரேலிய உள்நாட்டைச் சேர்ந்த இந்தப் பிராணியை 1926இல் அறிவியலுக்கு விவரித்தவர் பெர்லினில் இருந்த எர்ன்ஸ்ட் ஆல். 1960களிலிருந்து ஆஸ்திரேலியா தன் வனவிலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதற்குக் கதவடைத்தது. ஆனாலும் 1980களில் ஜெர்மானிய வளர்ப்பாளர்களிடம் இது பெருகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அமெரிக்கா போனது. இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் தாடி ஓணான்களின் முன்னோர் எப்படி வெளியேறினார்கள் என்பதைச் சுங்க ஆவணங்களில் தேடிப் பயனில்லை.

ஆண் தன் தாடியைக் கன்னங்கரேலென்று கறுப்பாக்கித் தலையை வேகமாக ஆட்டும். இளையதோ அடங்கியதோ முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாக வட்டமிட்டுக் காட்டும். அது வணக்கம் அல்ல, சண்டைக்கு வரவில்லை என்ற சரணாகதி. ஆஸ்திரேலியத் தாடி ஓணான்களின் இந்தச் சைகைகளை பேயர்ட் பிராட்ஸ்ட்ராம் 1971இல் விவரித்தார். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்ளும் காட்சி வேறு. விளக்கின் கீழ் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும் இரண்டைப் பார்த்து, என்ன பாசம் என்று படமெடுப்பார்கள். மேலே இருப்பது வெப்பத்தைத் தனதாக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கீழே இருப்பதற்குச் சூடு போதாது, தீனி செரிக்காது. நாளடைவில் இளைத்துப்போகும். குஞ்சுகளை நெருக்கி வைத்தால் விரலும் வால் நுனியும் போகும்.

இதே பிராணிதான் 2015 வாக்கில் பல்லி இனத்தின் மானத்தைக் காப்பாற்றியது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் அன்னா வில்கின்சன் குழுவினர், ஒரு கம்பிக் கதவைப் பக்கவாட்டில் தள்ளித் தீனி எடுக்க ஒரு தாடி ஓணானைப் பழக்கினார்கள். அது செய்வதைப் பார்த்த மற்றவை தாமும் அப்படியே திறந்தன, பார்க்காதவற்றுக்கு வரவில்லை. மேலே கீழே என்று அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் ஒன்றையொன்று கவனித்துக் கற்கவும் செய்கின்றன!

இகுவானா மோகம் 1990களில் அமெரிக்காவை ஆட்டியது. கையடக்கப் பச்சைக் குஞ்சாக மலிவு விலைக்கு வந்தது, சில ஆண்டுகளில் ஒன்றரை மீட்டருக்கு வளர்ந்தது. பருவம் எய்திய ஆண் ஆண்டுக்கொருமுறை ஆரஞ்சு நிறம் ஏறி, இணையில்லாத வீட்டில் வளர்த்தவரையே போட்டியாளனாகப் பாவித்துப் பாய்ந்தது. முகத்தில் தையல் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. கால்நடை மருத்துவர்கள் இதற்கென்று தனிக் கட்டுரைகளே எழுத நேர்ந்தது. ஒற்றையாக வளர்த்தாலும் பருவம் தவறாது, கூட்டாளி இல்லையென்றால் மனிதனைக் கூட்டாளியாக்கிக்கொள்ளும்.

பெட்டி காட்டாத ஒன்றை வெளியில் கண்டவர் மைக்கேல் புல். தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மேரி அருகே, சாலையோரம் மெதுவாக நகரும் கொழுத்த குட்டைவால் அரணைகளை 1982 முதல் ஆண்டுதோறும் குறியிட்டுத் தொடர்ந்தார். உண்ணிகளை ஆராய வந்தவருக்குக் கிடைத்ததோ கல்யாணக் கதை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆணும் பெண்ணும் பல வாரம் ஒன்றாகத் திரிகின்றன, பிரிகின்றன, அடுத்த வசந்தத்தில் அதே ஜோடியைத் தேடி வருகின்றன. இருபது ஆண்டுக்கு மேல் நிலைத்த ஜோடிகளும் உண்டு. துணை செத்துக்கிடந்த இடத்தைவிட்டு நகராத அரணைகளையும் அவர் பதிவு செய்தார். 2016இல் புல் இறக்கும்வரை அந்தப் பணி நடந்தது. பல்லிக்கு உறவு கிடையாது என்று எண்ணியிருந்தவர்கள் இதே இனத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அப்படி எண்ணியிருந்தார்கள்.

இந்த அறிவெல்லாம் மெல்ல மெல்லச் சட்டமாகவும் மாறியது. ஜெர்மனியில் 1997 ஜனவரியில் அரசின் நிபுணர் குழு ஊர்வனவற்றை வைக்கக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது. பெட்டியின் நீள அகல உயரத்தை அங்கே மீட்டரில் சொல்வதில்லை, பிராணியின் உடல் நீளத்துக்கு எத்தனை மடங்கு என்று சொல்கிறார்கள். கூடுதலாக ஒன்று சேர்ந்தால் இடமும் கூட வேண்டும். இந்தியாவில் 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அயல்நாட்டு வளர்ப்புயிர்களைத் தாமாக முன்வந்து பதிவுசெய்யச் சொன்னது. 2022 சட்டத் திருத்தத்தால் வனவுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை வனவிலங்குச் சட்டத்தின் புதிய அட்டவணைக்குள் வந்தன. பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பல்லிகள் பிடிபடும் செய்தி இப்போது புதிதல்ல.

பச்சை அனோலுக்கோ 2011 ஒரு முக்கியமான ஆண்டு. ஊர்வனவற்றில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது அதனுடையதுதான். அதே ஆண்டு ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் உலகப் பாரம்பரியக் களமாயின. அங்கே இந்த அனோல் ஒரு தீராத தலைவலி. தீவுகள் அமெரிக்கர் வசம் இருந்த 1960களில் சிச்சிஜிமாவுக்கு வந்து சேர்ந்தது, 1980களில் ஹஹாஜிமாவுக்கும் பரவியது; தீவுக்கே உரிய தும்பிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தின்று தீர்த்தது. 2005இல் ஜப்பான் அதைத் தடைசெய்யப்பட்ட அயல் உயிராக அறிவித்தது. 2013இல் ஆளில்லாத அனிஜிமாவிலும் தென்பட்டபோது, கரப்பான் பிடிக்கும் அட்டையைப் போன்ற பசைப்பொறிகளை ஆயிரக்கணக்கில் மரத்தண்டுகளில் கட்டினார்கள். அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.